மதியோட டிரில்லிங் மிஷின்

16 ஏப்ரல் 2004, வெள்ளி

எரியவில்லை. எனக்கு எதுக்கு எரியணும்? அம்மா கேட்டபோதே இதைச் சொல்லியிருக்க வேண்டும், வாயில் சோறு இருந்தது. "மதி மிஷின் வாங்கினா உனக்கு இன்னாடா வவுறு எரியுது வல்லரசு?" என்று கேட்டுவிட்டு அவள் பாட்டுக்கு இறால் கம்பெனிக்குக் கிளம்பிப் போய்விட்டாள். அதனால் பதிலை இங்கே எழுதுகிறேன். அவன் காசு, அவன் மிஷின், அவன் தலையெழுத்து. நான் ஏன் எரியணும்.

ஆனால் ஒன்று. ஐ.டி.ஐ.யில் நானும் மதியும் பக்கத்துப் பக்கத்து வைஸில் இரும்பைக் கவ்வ வைத்து அரத்தால் ராவினவர்கள். நான் ராவினால் கண்ணாடி மாதிரி மட்டமாக இருக்கும். அவன் ராவினால் நடுவில் முதுகு கூனியிருக்கும். மாஸ்டர் என் துண்டைத் தூக்கி அவனிடம் காட்டி "இத பாத்து செய்" என்பார். நான் முதல் வருஷத்தோடு விட்டேன். அவன் முடித்தான். அவ்வளவுதான் வித்தியாசம். இன்றைக்கு அவன் கொருக்குப்பேட்டையில் மாவு மில் இருந்த ஷெட்டை வாடகைக்குப் பிடித்து, பச்சைக் கலரில் புத்தம்புது பெஞ்ச் டிரில் போட்டு, வாசலில் மாவிலை கட்டியிருக்கிறான். நான் வியாசர்பாடி குடியிருப்பில் வீட்டுக்குப் பின்னால் தகரம் போட்ட இடுக்கில் நின்று கை டிரில்லை நெஞ்சால் அழுத்திக்கொண்டு கிடக்கிறேன்.

எரியலை.

18 ஏப்ரல், ஞாயிறு

போகக் கூடாது என்றுதான் இருந்தேன். போனேன்.

நல்ல மிஷின். எழுதவே கை வரவில்லை, ஆனால் நல்ல மிஷின். கைப்பிடியை இழுத்தால் துளை போடுகிற பிட் நேராக இறங்குகிறது. இரும்புச் சுருள் இரண்டு பக்கமும் ஒரே அளவாக வெளியே வருகிறது. என் கை டிரில்லில் ஒரு பக்கம் சுருள் வரும், மறுபக்கம் தூள் வரும். ஓட்டை மேலே ஓர் இடத்தில் ஆரம்பித்து கீழே வேறு இடத்தில் எட்டிப் பார்க்கும்.

மதி ஒரு பட்டைத் துண்டை என் கையில் கொடுத்தான். "மாமு, உன் கையால ஒரு ஓட்ட போடு. போணி ஆவட்டும்." எல்லார் முன்னாலும் சொன்னான். அவன் அம்மா தட்டில் சுண்டல் வைத்துக்கொண்டு நிற்கிறார்கள். தோள்பட்டை பிடித்துக்கொண்டது, தூக்க முடியாது என்று சொல்லிவிட்டேன். சுண்டலை மட்டும் அதே கையால் வாங்கித் தின்றேன். யாராவது கவனித்திருப்பார்களா?

21 ஏப்ரல், புதன்

ஷெட் பக்கமாகப் போக வேண்டியிருந்தது. மிஷின் தூணில் கறுப்புக் கயிறு. கயிற்றில் எலுமிச்சம்பழம், மிளகாய், ஒரு கரித்துண்டு. ஞாயிற்றுக்கிழமை நான் போனபோது அது இல்லை. அதற்கு அப்புறம் கட்டியிருக்கிறார்கள்.

யார் கண்ணுக்காம் அது?

அவன் அம்மா என்னைப் பார்த்ததும் பேச்சை மாற்றி நாஸ்தா ஆயிடுச்சா என்று கேட்டார்கள். அந்த அம்மா கையால் எத்தனை நாள் இட்லி தின்றிருப்பேன். எனக்கா திருஷ்டி கயிறு? த்தூ.

23 ஏப்ரல், வெள்ளி

காசிமேடு. மீன்பிடித் தடைக்காலம் ஆரம்பித்துவிட்டதால் லாஞ்சு எல்லாம் வரிசையாகக் கரையில் கட்டிக் கிடக்கிறது. பெயிண்ட் வாசனை, வெல்டிங் பொறி. ராமதாஸ் அண்ணன் கூப்பிட்டு அனுப்பியிருந்தார். அவருக்கு மூன்று லாஞ்சு. மூன்றிலும் வலை இழுக்கிற வின்ச்சுக்குப் புது பிராக்கெட் வேண்டும். எதிரெதிரே நிற்கும் இரண்டு தகடு, நடுவில் பின்னு போகும். இரண்டு தகட்டிலும் ஓட்டை நேருக்கு நேர் நிற்க வேண்டும். இல்லாவிட்டால் பின்னு சிக்கும். போன வருஷம் நான் செய்து கொடுத்ததில் சிக்கிவிட்டது. நடுக்கடலில் சம்மட்டியால் அடித்து உள்ளே ஏற்றினார்களாம்.

"இந்த தபா பின்னு வெரலால தள்னா போவணும். வேலைய உனக்குத்தான் வெச்சிகீறேன். முடியாதுன்னா இப்பவே சொல்லிடு, மதிகிட்ட குட்த்துடுறேன்" என்றார்.

முடியும் என்றேன். மதி பெயரைச் சொல்லாமல் இருந்திருந்தால் யோசித்திருப்பேன்.

மே கடைசியில் லாஞ்சு கடலுக்குப் போவதற்குள் கொடுக்க வேண்டும். சரியாகச் செய்தால் வருஷம் முழுக்க அவர் வேலை எனக்கு. செய்யாவிட்டால்? அம்மா ஏற்கெனவே மாமாவிடம் சொல்லி வைத்துவிட்டாள். ஜூன் ஒன்றாம் தேதி முதல் எண்ணூர் ரோட்டில் கன்டெய்னர் யார்டில் வேலை. லாரிக்காரன் நீட்டுகிற சீட்டை எண்ணிக்கொண்டு லாரிக்குக் கீழே நிற்கணும். செத்துடுவேன்.

அம்மா சொல்கிறாள்: "மதி ஷெட்டுல போய் போட்டுகினு வாயேன். வாணாம்னா சொல்லப் போறான்?"

வாணாம்னு சொல்ல மாட்டான். அதுதான் பிரச்சினை.

26 ஏப்ரல், திங்கள்

முடிவு பண்ணிவிட்டேன். மிஷின் வாங்குகிறேன். அம்மா எடுத்த சீட்டுப் பணம் என் பேரில்தான் கிடக்கிறது.

செம்புதாஸ் தெருவில் ஏழெட்டு மிஷின் கடை ஏறி இறங்கினேன். புதுசில் உருப்படியானது என்னிடம் இருக்கும் பணத்தைப்போல் இரண்டு மடங்கு. அந்த விலைக்கு மதி எப்படி வாங்கினான்? பேங்கு லோனாம். சர்டிபிகேட் இருந்தால் லோன். பாதியில் விட்டவனுக்கு ஒன்றும் கிடையாது.

விலை குறைவாகச் சீனா மிஷின் ஒன்று காட்டினார்கள். பளபள என்று இருக்கிறது. தலையைப் பிடித்து ஓர் உலுக்கு உலுக்கினேன், தூணே ஆடியது. கடைக்காரர் முறைத்தார். "வாங்குற ஆளுங்க இப்டி ஆட்ட மாட்டாங்கபா" என்றார். ஆட்டாதவன்தான் வாங்குவான் என்றேன். வெளியே அனுப்பிவிட்டார்.

29 ஏப்ரல், வியாழன்

பேசின் பிரிட்ஜ் பக்கம் பழைய மிஷின் வாங்கி விற்கிறவர் சௌக்கத் அலி பாய். உள்ளே இருட்டில் நாலைந்து டிரில்லிங் மிஷின் நின்றது. ஒன்றில் தூண் துரு. ஒன்றில் மேஜை முழுக்க அம்மை போட்ட மாதிரி ஓட்டை, எவனோ தகட்டையும் தாண்டி மேஜையையே துளைத்திருக்கிறான். மூன்றாவதைப் பார்த்ததும் நேரே அதன் பக்கத்தில் போய் நின்றேன்.

பிட்டை முழுக்க கீழே இறக்கி, அதைக் கவ்வியிருக்கும் சக்கைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பார்த்தேன். ஆட்டமே இல்லை. விட்டால் ஸ்பிரிங் மெதுவாக மேலே எடுத்துக்கொண்டு போகிறது. பெல்ட்டை மேலே கீழே மாற்றி வேகம் கூட்டிக் குறைக்க நாலு புல்லி. அரை இஞ்ச் ஓட்டை வரை போகும். ராமதாஸ் அண்ணன் வேலைக்கு அது போதும். விலையும் என் கைக்குள். பாய் அங்கேயே சுவிட்சில் சொருகி ஓட்டிக் காட்டினார், சத்தம் ஒரே சீராக இருந்தது.

எல்லாம் சரி. பச்சைக் கலர். அதே கம்பெனி. அதே சைஸ். மதியோட மிஷினுக்குக் கூடப் பிறந்தது. அதுவும் பழசு.

நாளைக்கு எல்லாரும் இன்னா சொல்வானுங்க? மதி புதுசு வாங்கினான், வல்லரசு அதையே பழசா வாங்கினான். அவன் கழட்டிப் போட்ட சட்டையை நான் மாட்டிக்கொண்ட மாதிரி.

யோசித்துச் சொல்கிறேன் பாய் என்றேன். "இன்னா யோசன? இத்த வுட்டா வேற கெடிக்காது" என்றார். நான் யோசிக்கவே இல்லை. நேரே வீட்டுக்கு வந்துவிட்டேன்.

3 மே, திங்கள்

தண்டையார்பேட்டையில் காத்தூன் பீவி என்று ஓர் அம்மா. அவர்கள் வீட்டுக்காரர் பட்டறை வைத்திருந்தார், போன வருஷம் இறந்துவிட்டார். மிஷின்களை ஒவ்வொன்றாகக் கொடுத்துக்கொண்டு வருகிறார்களாம். இன்னும் டிரில்லிங் மிஷின் இருக்கிறது, பெரிசு என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள்.

பெரிசு.

5 மே, புதன்

பார்த்துவிட்டேன்!

மதியோட மிஷின் தூணை என் ஒரு கையால் வளைத்துப் பிடிக்கலாம். இதற்கு இரண்டு கையும் வேண்டும். முக்கால் இஞ்ச் ஓட்டை தள்ளும். தலை எருமை மாதிரி. பீவிம்மா அவர்களே சுவிட்சைப் போட்டார்கள். உம்ம் என்று ஒரு சத்தம், தரையே லேசாக நடுங்கியது. சக்கை ஆட்டிப் பார்த்தேன், மேஜையை ஏற்றி இறக்கிப் பார்த்தேன், கைப்பிடி, பெல்ட், புல்லி, ஒன்றும் விடவில்லை. அப்படியே கோயில் தூண். விலையும் சௌக்கத் அலி பாய் சொன்னதைவிடக் கொஞ்சம்தான் அதிகம். இவ்வளவு குறைவா என்று கேட்கலாம்போல் இருந்தது. கேட்டால் ஏற்றிவிடுவார்களோ என்று கேட்கவில்லை.

அந்த அம்மா ஒன்றுதான் கேட்டார்கள். "தம்பி, லைனு கீதா உனக்கு?"

"லைனெல்லாம் சோக்கா கீது பீவிம்மா. காசிமேடு ராமதாஸ் அண்ணன் மூணு லாஞ்சுக்கு வேல குட்த்துகீறாரு. வருசம் பூரா லைன்தான்" என்றேன்.

அந்த அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "சரி, நல்லா இரு" என்றார்கள்.

அட்வான்ஸ் கொடுத்துவிட்டு வரும்போது வேண்டுமென்றே கொருக்குப்பேட்டை வழியாக வந்தேன். மதி குனிந்து ஏதோ ராவிக்கொண்டிருந்தான். அந்தப் பச்சை மிஷின் பொம்மை மாதிரி தெரிந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது.

7 மே, வெள்ளி

மூன்று சக்கர மீன்பாடி வண்டியில் வந்து இறங்கியது. நாலு பேர் கயிறு கட்டித் தூக்கினோம். கதவு நிலையில் இடித்து ஓரம் பெயர்ந்தது. குடியிருப்பே வந்து பார்த்தது. மேல் வீட்டுக்காரி "ரயிலு இஞ்சினா இது?" என்று கேட்டாள். மதியும் வந்தான். தூணைத் தடவிக்கொண்டே இருந்தான். அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே! ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த நிமிஷம் போதும் எனக்கு.

8 மே, சனி

எழுத முடியலை.

9 மே, ஞாயிறு

மோட்டாரிலிருந்து வருகிற ஒயர் மூன்று. எர்த்தோடு சேர்த்து நாலு. நேற்று காலையில்தான் அதைப் பார்த்தேன். மூன்று இஞ்ச் தள்ளி இருந்த புல்லியைத் தடவிப் பார்த்தவன், அந்த ஒயரை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. த்ரீ பேஸ் மோட்டார். எங்கள் வீட்டில் இருப்பது சிங்கிள் பேஸ். இந்தக் குடியிருப்பில் எந்த வீட்டிலும் வேறு கிடையாது. சுவிட்சு போட்டால் ஓடாது. எப்போதும் ஓடாது.

லைனு கீதா என்று அந்த அம்மா கேட்டது பவர் லைனை. நான் என் பவிசைப் பேசிவிட்டு வந்திருக்கிறேன்.

மூன்று பேஸ் வேண்டும் என்றால் தனியாக எழுதிக் கொடுக்க வேண்டும், வீட்டுக்கெல்லாம் தர மாட்டார்கள் என்று எலக்ட்ரீசியன் சொன்னான். சொல்லிவிட்டு சிரிக்காமல் இருக்க ரொம்பக் கஷ்டப்பட்டான். மோட்டாரை மாற்றலாமே என்றேன். மோட்டாருக்குக் காயில் சுற்றுகிறவரிடம் போனேன். தடைக்காலம், லாஞ்சு மோட்டார்தான் முதலில், உன்னுது ஜூன் பாதிக்கு அப்பால பாக்கலாம் என்றார். அதுவும் அந்த மோட்டாருக்கு உன் வீட்டு ஒயர் தாங்காது என்றார்.

இது ஒரு வருஷம் ஐ.டி.ஐ. போனவன் செய்கிற வேலையா? முடித்தவன் செய்வானா? மதி செய்வானா?

10 மே, திங்கள்

ஓட்டு போடும் நாள். கடை எதுவும் இல்லை. மை வைத்த விரலோடு மிஷின் முன்னால் உட்கார்ந்திருந்தேன்.

12 மே, புதன்

சௌக்கத் அலி பாயிடம் ஓடினேன். பச்சை மிஷின் போய்விட்டது. "அன்னிக்கே சொன்னேன் இல்ல?" என்றார். அதற்குமேல் அவரிடம் நிற்க முடியவில்லை.

15 மே, சனி

அம்மா மிஷின் கைப்பிடியில் துணி காயப் போடுகிறாள். மாமா வந்து யார்டு கேட்-பாஸுக்கு போட்டோ வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

16 மே, ஞாயிறு

மதி வந்தான். குடியிருப்பு முழுக்கத் தெரிந்துவிட்டது, அவனுக்குத் தெரியாமல் இருக்குமா. சிரிக்க வந்திருக்கிறான் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. துணியை எடுத்துத் தள்ளி வைத்துவிட்டு மறுபடியும் அந்தத் தூணைத் தடவினான்.

"கோச்சிக்காத மாமு. என் ஷெட்டுல த்ரீ பேஸ் கீது, மாவு மில்லுக்குப் போட்ட லைனு. இத்த எனக்கு குடு. என்னுத நீ எட்த்துகினு போ. அது புச்சு, இது பெர்சு, சரிக்குச் சரி."

நான் வாயில் வந்ததை எல்லாம் பேசினேன். இதுக்காகத்தான் அன்னிக்கு தடவினியா, நான் ஏமாந்தது உனக்கு குஷி, லோன்ல ஒண்ணு எங்கிட்ட ஒண்ணு, ஊர்ல கீற மிஷினெல்லாம் உனக்கே வேணுமா. மிளகாயையும் கரித்துண்டையும் பற்றியும் சொன்னேன். அவன் முகம் செத்துவிட்டது.

"எங்கம்மா பண்ணது எனக்குத் தெரியாது. தெரிஞ்ச அன்னிக்கே அறுத்துப் போட்டேன். உன் மிஷின் வந்தப்ப நான் ஏன் பேசலன்னு நெனச்ச? ரெண்டு நாளு தூக்கம் வரல எனக்கு. பேமானி, எங்கேர்ந்துடா புட்ச்சன்னு ஒரே பேஜாரு." அதைச் சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

இரண்டு நாள் தூக்கம் வரலையாம். அவனுக்கு. என் மிஷினைப் பார்த்து.

17 மே, திங்கள்

பெரியது அவனுக்கு. சின்னது எனக்கு. எப்படிப் போட்டுப் பார்த்தாலும் அதுதான் வருகிறது.

ஆனால் என் வேலைக்கு வேண்டியது அரை இஞ்ச். சிங்கிள் பேஸ். ஆட்டமில்லாத சக். முதல் நாளே எனக்கு வேண்டிய மிஷின் அவன் ஷெட்டில்தான் இருந்தது.

இந்த ஓடாத எருமையைக் கட்டி வைத்துக்கொண்டு யார்டில் சீட்டு எண்ணலாம். அப்போது மதியிடம் இருப்பதைவிட என்னிடம் பெரிதாக ஒன்று இருக்கும். துணி காயப் போட.

20 மே, வியாழன்

மாற்றிக்கொண்டோம். அதே மீன்பாடி வண்டி. போகும்போது எருமை, வரும்போது பச்சை. கயிற்றை ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்தோம். பெரியதைத் தரையில் போல்ட்டு போட்டு நிறுத்தி அவன் சுவிட்சைப் போட்டான். தரை நடுங்கியது. நான் வெளியே வந்து சாக்கடைப் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன்.

கண்ணில் தூசி எல்லாம் இல்லை. அழுதேன். போதுமா?

26 மே, புதன்

ஒரு வாரமாக எழுத நேரமில்லை. இரண்டு தகட்டையும் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து, ஓரத்தில் வெல்டிங் பொட்டு வைத்துச் சேர்த்து, ஒரே இறக்கில் ஓட்டை போடுகிறேன். பிறகு பொட்டை வெட்டிப் பிரித்துவிடுகிறேன். ஓட்டை விலகவே முடியாது. இது நானே கண்டுபிடித்தது. கை டிரில்லில் கனவிலும் நடக்காது. சுருள் இரண்டு பக்கமும் ஒரே நீளம். இன்றைக்குப் பின்னை வைத்து விரலால் தள்ளினேன். போனது.

அம்மாவைக் கூப்பிட்டுத் தள்ளச் சொன்னேன். அவள் தள்ளினாள். போனது. மறுபடி எடுத்து மறுபடி தள்ளினாள்.

29 மே, சனி

மூன்று லாஞ்சுக்கும் மாட்டியாச்சு. ராமதாஸ் அண்ணன் பின்னைச் சுண்டுவிரலால் தள்ளிப் பார்த்துவிட்டு டீ வாங்கிக் கொடுத்தார். அவரிடம் அதுதான் பெரிய பாராட்டு என்று லாஞ்சு ஆட்கள் சொன்னார்கள். சாயங்காலம் எல்லா லாஞ்சிலும் ஐஸ் ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

1 ஜூன், செவ்வாய்

யார்டுக்குப் போகவில்லை. மாமா கத்தினார். அம்மாதான் பதில் சொன்னாள், அவனுக்கு வேல கீது என்று.

2 ஜூன், புதன்

ராமதாஸ் அண்ணன் ஆளை விட்டுக் கூப்பிட்டார். அவருக்குத் தெரிந்தவர் லாஞ்சுகளில் புரொப்பல்லர் தண்டை இஞ்சினோடு சேர்க்கிற கனமான இரும்பு வட்டம் எட்டு புதுசாகச் செய்ய வேண்டும். ஓட்டை முக்கால் இஞ்ச். பெரிய வேலை. நீ போடுவியா என்றார். என் மிஷின் அரை இஞ்சுக்கு மேல் போகாது என்றேன். அப்போ யாரு போடுவா, எண்ணூரில் ஒருத்தன் இருக்கிறானாமே என்றார்.

தெரியலண்ணா என்று சொல்லியிருக்கலாம். வேலை எண்ணூருக்குப் போயிருக்கும். மதிக்குத் தெரியவே தெரியாது. சத்தியமாக நாக்கு நுனி வரை வந்தது. அவர் போன் எடுக்கப் போனார்.

"கொருக்குப்பேட்டல மதிகிட்ட கீதுண்ணா. தோஸ்துதான். ஆனா அந்த மிஷின் பெல்ட்டு நிக்கிற நிப்பு அவனுக்குப் புடிபடாது. நானும் கூட நின்னாத்தான் ஆவும்" என்றேன்.

கடைசியில் சொன்னது பாதிப் பொய்.

4 ஜூன், வெள்ளி

நேற்று இரண்டு வட்டம் முடிந்தது. மதி அவசரப்பட்டு பிட்டை அழுத்தினான், கையில் ஒன்று போட்டேன், மெதுவா இறக்குடா என்று. "ஓனர் நானா நீயா?" என்றான். ஓனரு நீ, மிஷின் என்னுது என்றேன். அவன் அம்மா சிரித்துவிட்டார்கள். மத்தியானம் சோறு எனக்கும் வந்தது, என் தட்டில் மீன் ஒரு துண்டு கூட இருந்தது. மதி அதைப் பார்த்துவிட்டு முறைத்தான். நான் மெதுவாகத் தின்றேன்.

இன்னும் ஆறு வட்டம் இருக்கிறது. பெல்ட்டு வேறு சறுக்குகிறது, புதுசு வாங்கிக்கொண்டு போகணும். மதி தெரு முனையில் நின்று விசில் அடிக்கிறான், மேல் வீட்டுக்காரி கத்த ஆரம்பித்துவிட்டாள். போகணும்.